அயர்லாந்துக்கு ஒரு தடவை ஆடிட்டா வேற கதவு மூடிடுமா?

அயர்லாந்துல இருக்குற லிமரிக் ஊர்லேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: பையன் ஸ்கூல் ரக்பி நல்லா ஆடுறானாம், தென்னாப்பிரிக்காவுல பொறந்தவன், அயர்லாந்துக்கு வந்து 3 வருஷம் ஆச்சு, அயர்லாந்து டீமுக்கு ஆட முடியுமா, ஆடினா அதோட மாட்டிக்குவானா?

இப்போதைக்கு முடியாதுங்க. முன்னாடி 36 மாசம் குடியிருந்தாலே போதும், 2022லேர்ந்து 60 மாசமாக்கிட்டாங்க, அதுவும் தொடர்ச்சியா இருக்கணும். அப்பா அம்மா, தாத்தா பாட்டி யாராவது அயர்லாந்துல பொறந்திருந்தா இந்தக் கணக்கே வேண்டாம்.

ரெண்டாவது கேள்விக்கு உங்க பக்கத்து ரக்பி டீம் மன்ஸ்டர்லயே பதில் இருக்கு. ஜீன் க்ளைன், ஜோகன்னஸ்பர்க்ல பொறந்தவர், ரெண்டு டீமும் வரிசை கட்டி முட்டித் தள்ளுற ஸ்க்ரம்ல ரெண்டாவது வரிசையில தோள் குடுத்துத் தள்ளுற லாக். 2016ல மன்ஸ்டருக்கு வந்தார், 2019 ஆகஸ்ட்ல 3 வருஷம் முடிஞ்ச கையோட அயர்லாந்து டீம்ல இத்தாலிக்கு எதிரா இறக்கிட்டாங்க. அடுத்து லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்துல இங்கிலாந்துகிட்ட 57-15னு செம அடி. அப்புறம் அப்போதைய அயர்லாந்து கோச் ஜோ ஷ்மிட், கிட்டத்தட்ட 7 அடி உயரம் இருக்குற அயர்லாந்து லாக் டெவின் டோனரை விட்டுட்டு இவரை உலகக் கோப்பைக்கு ஜப்பான் கூட்டிட்டுப் போனதும் அயர்லாந்துல பெரிய சண்டை, நேத்து வந்தவனுக்கு எடமான்னு. இதுல க்ளைன் மேல என்ன தப்புன்னு எனக்கு இன்னும் புரியல, விதி இருந்துச்சு, கூப்பிட்டாங்க, ஆடினார். மொத்தம் 5 மேட்ச், அதோட அயர்லாந்து அவரைத் திரும்பிப் பாக்கல.

பழைய விதிப்படி அங்கயே கதை முடிஞ்சிருக்கும். ஆனா 2022 ஜனவரிலேர்ந்து, கடைசி இன்டர்நேஷனல் ஆடி 3 வருஷம் ஆகியிருந்தா ஒரே ஒரு தடவை நாடு மாறலாம்னு வந்துச்சு. போற நாட்டுல தான் பொறந்திருக்கணும், இல்ல அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பொறந்திருக்கணும், சும்மா குடியிருந்தேன்னா செல்லாது. க்ளைன் 2023 மே மாசம் மன்ஸ்டரோட கேப் டவுன்ல யுஆர்சிங்குற கிளப் லீக் கோப்பையை ஜெயிச்சார், ஜூலைல தென்னாப்பிரிக்கா ஜெர்சி, அக்டோபர்ல நியூசிலாந்தை 12-11னு ஜெயிச்ச உலகக் கோப்பை ஃபைனல்ல பெஞ்ச்ல இருந்தார்!

அதனால உங்க பையனுக்குத் திரும்பிப் போற கதவு ஒண்ணு இருக்கு, பொறந்த ஊர் அது. ஆனா நடுவுல அந்த 3 வருஷம் எந்த நாட்டுக்கும் ஆட முடியாது, 24 வயசுல அது பெரிய விலைங்க. ஸ்கூல் மேட்ச் எத்தனை ஆடினாலும் கட்டுப்படுத்தாது, தைரியமா விடுங்க. இப்போ செய்ய வேண்டியது ஒண்ணு, வாடகை அக்ரிமென்ட், ஸ்கூல் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் வந்த தேதியிலேர்ந்து ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, 60 மாசத்தை நாளைக்கு நிரூபிக்கணும்னா அது கை கொடுக்கும்.