ஃபைனான்ஸா மார்க்கெட்டிங்கா என்று கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, எம்.பி.ஏ. சேரப்போகும் உங்கள் பெண் பாப்பா அதில் ஃபைனான்ஸ் எடுப்பதா மார்க்கெட்டிங் எடுப்பதா என்று ஒரே வாரத்தில் மூன்று தடவை போன் போட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் அது இரண்டாம் வருடத்துக் கவலை. எனக்கு உறுத்துவது வேறு. எம்.பி.ஏ. சேர்க்கைக்காக நான் வைத்த மாதிரி நேர்காணலில், "ஒரு கம்பெனிக்கு விற்பனை படுத்துவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "செலவைக் குறைக்கணும் சார்" என்று பட்டென்று சொன்னாள். ஏன் படுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பி.காம். படித்த பிள்ளை, எதையும் கணக்காகவே பார்க்கிறது.

இது அவளுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. 1958-இல் டியர்போர்ன், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே கம்பெனியின் 23 மேலாளர்களிடம் வேறொரு கம்பெனியின் நிலவரத்தைப் படிக்கக் கொடுத்து, முதலில் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டார்கள். விற்பனைப் பிரிவு ஆட்கள் 6 பேரில் 5 பேர் விற்பனை என்றார்கள். மற்ற 17 பேரில் அப்படிச் சொன்னது 5 பேர்தான். படித்த தாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. வந்த விஷயத்துக்கு ஆபத்து என்று பெயர் வைக்கிறோமா, வாய்ப்பு என்று பெயர் வைக்கிறோமா என்பது. ஆபத்து என்றால் கை இறுகிவிடும். நாலு பேரைக் கலப்பதும் குறையும். பிளாஸ்டிக் பை, தட்டு விற்ற உங்கள் கதையே இருக்கிறதே! தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடையை 2018 ஜூனில் அறிவித்தார்கள், 2019 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தும், "எப்படியும் கோர்ட்டில் ஸ்டே வாங்கிடுவாங்க" என்று உட்கார்ந்திருந்ததாக நீங்களே சொன்னீர்கள். பக்கத்துக் கடைக்காரர் அதை வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு துணி மாதிரித் தெரிகிற, ஆனால் பிளாஸ்டிக் இழையால் ஆன நான்-ஓவன் பையை மூட்டை மூட்டையாக இறக்கினார். அதுவும் தடைப் பட்டியலில் இருந்தது! அவர் பட்டியலைப் படிக்கவில்லை, நீங்கள் காலண்டரைப் பார்க்கவில்லை. நல்லவேளை, துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு என்று பிறகாவது மாறிக்கொண்டீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கோச்சிங் அப்புறம் இருக்கட்டும். பாப்பாவைப் பத்து நாள் கீழமாசி வீதிக் கடையில் உட்கார வையுங்கள். கல்லாவில் வேண்டாம். கணக்குப்பிள்ளை, ஆர்டர் எடுக்க வெளியூர் போகும் தம்பி, குடோன் பார்ப்பவர் மூவரிடமும் தனித்தனியாக, "நம்ம கடைக்கு இப்ப பெரிய பிரச்சினை என்ன?" என்று கேட்கட்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டும், திருத்தக் கூடாது. அந்த நோட்டோடு என்னிடம் வரட்டும்.

நீங்களும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். அவள் நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால்.