வளரும் பிள்ளைதானே என்று பெரிய சைக்கிளாக வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது, உயரம் நாலடி எட்டு அங்குலம். தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைக்கு மூன்று கிலோமீட்டர். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். கியர் சைக்கிள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கொழும்பில் வேலை செய்யும் அவளுடைய அப்பா, எப்படியும் வளர்வாள், 26 இஞ்ச் சில்லு உள்ளதாக எடுத்துவிடுவோம் என்கிறார். எனக்கு அந்த இறக்கத்தை நினைத்தாலே பயம். எதைப் பார்த்து வாங்குவது?
ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் தங்கச்சி. சப்பாத்து ஒரு சைஸ் பெரிதென்றால் முன்னால் பஞ்சை அடைத்துச் சமாளிக்கலாம், சைக்கிளில் அது நடக்காது என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நான் பட்டவன். பத்து வயதில் அண்ணனுடைய பெரிய சைக்கிளை எடுத்துக்கொண்டு தேயிலை ஸ்டோர் இறக்கத்தில் விட்டேன், அப்போதுதான் மழை விட்டிருந்தது, கால் தரைக்கு எட்டவில்லை, பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கட்டை வழுக்கிக்கொண்டே போகிறது, கடைசியில் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளைக் கத்தரித்து கவ்வாத்து வெட்டின மலைக்குள் போய் விழுந்தேன். கவ்வாத்து மலையில் விழுந்தவனுக்குத்தான் தெரியும் அந்தக் குச்சிகள் என்ன செய்யுமென்று.

உங்கள் மகளின் உயரத்துக்கு 24 இஞ்ச் போதும். பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு பாதமும் தரையில் படிய, சீட்டுக்கு முன்னால் இருக்கிற பாருக்கு மேலே காலை விரித்து நிற்கச் சொல்லுங்கள், பாருக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி தெரிய வேண்டும். வெள்ளைச் சீருடையோடு ஏறி இறங்குகிற பிள்ளைக்குச் சாய்ந்து தாழ்ந்த பார்தான் வசதி, செயினுக்கு மூடியும் இருந்தால் நல்லது. சீட்டை இப்போதைக்குக் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, வளர வளர உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் சீட் தண்டில் கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்கக்கூடாது.

அடுத்தது பிரேக். நம்முடைய பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம், கியரெல்லாம் அப்புறம். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள், பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருப்பது போதும். அதை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ரிம். பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதில் பிடிக்கவே பிடிக்காது, அன்று என்னைக் கவிழ்த்ததும் அதுதான். ஒட்டாவிட்டால் அலுமினியம், அதை எடுங்கள். ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று நான் சொல்லித் தரத் தேவையில்லையே. டிஸ்க் பிரேக் மழைக்கு இன்னும் நல்லதுதான், ஆனால் மலிவு டிஸ்க்கில் தகடு கொஞ்சம் வளைந்தாலே உரசத் தொடங்கும், அதைச் சரிசெய்யத் தெரிந்த சைக்கிள் பாஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் அலுமினிய ரிம்மும், ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் அமுக்கிப் பிடிக்கிற வி பிரேக்கும் தாராளம்.

பிரேக் பிடி மகளின் விரலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான பிடிகளில் சின்னதாக ஒரு திருகாணி இருக்கும், அதைத் திருப்பினால் பிடி கைக்குக் கிட்ட வரும், கடைக்காரர்கள் தாங்களாகச் செய்து தரமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பின் சில்லு வழுக்கும், முன்னதை மட்டும் திடீரென்று அமுக்கினால் தூக்கி எறியும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் போகப் பழக்குங்கள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் அல்ல.

கியர் கேட்டது தப்பில்லை, வரும்போது ஏற்றம்தானே. 21 கியர் என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் மிகச் சின்னதிலும் பின்னால் மிகப் பெரியதிலுமாகப் பல்சக்கரங்களில் செயினைப் போட்டு ஏறிப் பார்த்தால், ஏற்றத்துக்கு லேசாக இருக்குமா என்று தெரிந்துவிடும். முன்னால் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிள்களுக்கு எடைதான் கூடுதல், ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருவது உங்கள் பிள்ளைதான்.

ஹெல்மட் இல்லாமல் விடாதீர்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டை மாட்டி அனுப்புகிறார்களே, அது வேண்டாம், பாரம், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் உட்கார வேண்டும், தலையை ஆட்டினால் ஆடக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் வேறு வாங்குங்கள். பனிமூட்டத்தில் பகலிலும் முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் எரியட்டும்.

வாங்கியதும் நேரே பாடசாலைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முன்னால் இருக்கிற சமதரையில் ஓட்டட்டும், பிறகு ஒருநாள் தண்ணீர் ஊற்றி ரிம்மை நனைத்துவிட்டு பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். அந்தப் பெரிய இறக்கத்தை மட்டும் முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கட்டும், கோபப்படுவாள், படட்டும்.