குன்னூர்க் குளிரில் திருக்கை

கேள்வி: என் 4 அடித் தொட்டியில் தங்கமீன்கள் வளர்க்கிறேன். கடையில் உள்ளங்கை அகலமே இருந்த நன்னீர்த் திருக்கைக் குஞ்சைக் கண்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. வாங்கலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த மோட்டோரோ இனமாயின், அந்தக் குஞ்சு வளர்ந்து ஒன்றரை அடி அகலம் விரியும்போது, உங்கள் தொட்டியில் உடலைத் திருப்பவே இடமிருக்காது. அதற்கு ஏறத்தாழ 25 முதல் 28 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர் வேண்டும். உங்கள் ஊரின் மார்கழி இரவுகளில் ஹீட்டர் ஓயாமல் இயங்க வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றாலோ தொட்டி குளிர்ந்துவிடும். தடுப்பில்லாத ஹீட்டர் மேலேயே திருக்கை படுத்துக்கொள்வதும் உண்டு. அடிவயிற்றின் மென்மையான வெண்தோல் வெந்துபோவதைப் பார்க்கச் சகிக்காது. வாலிலுள்ள நஞ்சுமுள், தொட்டியைத் துடைக்கும் கையில் தைத்தால் கடும் வலி தரும். இருக்கும் தங்கமீன்களுக்குக் குன்னூர்க் குளிர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.