வகுப்பில் திரை: கேட்டவர்களுக்குப் பதில்

கல்லூரி மாணவி: வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுப்பதா, நோட்டில் எழுதுவதா?

முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு பலரையும் நோட்டுக்குத் திருப்பியது. தட்டச்சு செய்தவர்கள் காதில் விழுந்ததை அப்படியே அடித்துத் தள்ளினார்கள். கையால் எழுதியவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளில் முந்தினார்கள். ஆனால் 2019-இலும் 2021-இலும் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு இவ்வளவு பளிச்சென்ற வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் லேப்டாப்பை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கேளுங்கள், பிறகு உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி அடியுங்கள். படமும் சமன்பாடுமாக ஓடும் பாடமென்றால் பேசாமல் பேனாவை எடுங்கள்.

பள்ளி மாணவர்: முன்னால் இருப்பவன் லேப்டாப்பில் வேறு எதையோ பார்க்கிறான். எனக்கென்ன?

உங்களுக்கும்தான் நஷ்டம். கனடாவில் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்தவர் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. இடம் மாறி உட்காருங்கள்.

கணித ஆசிரியர்: ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் வரைந்து காட்டினால் ரசிக்கிறார்கள். தேர்வில் கோட்டை விடுகிறார்கள்.

எண்ணை மாற்றும் ஸ்லைடரைத் திரையில் நகர்த்துவது யார், நீங்களா? அங்கேதான் கோளாறு. இருபடிச் சார்பின் முதல் கெழுவை, அதாவது x²-க்கு முன்னால் உள்ள எண்ணை, மைனஸ் ஆக்கினால் பரவளையம் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் வரையட்டும். அப்புறம் அவர்களே நகர்த்திப் பார்க்கட்டும். தப்பாக வரைந்தவர் முகத்தைப் பாருங்கள், பாடம் அந்த நொடியில்தான் உள்ளே இறங்கும். (நானும் பல வருடம் காட்டிக்கொண்டேதான் இருந்தேன்.)

ஒரு தாய்: மகன் வீடியோ பாடத்தை நாலு தடவை பார்க்கிறான். ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறான்.

திரும்பப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஜெயித்தார்கள். அதனால் ஒரு தடவை பார்க்கட்டும். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதட்டும். விட்டுப்போன இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் போதும்.

அதே தாய்: அவன் ஏஐயிடம் கணக்குக்கு விடை கேட்கிறானே?

விடை கேட்க வேண்டாம். தான் போட்ட கணக்கைக் கொடுத்து, எந்த வரியில் தப்பு என்று கேட்கச் சொல்லுங்கள். அதுவும் சில நேரம் தைரியமாகத் தப்புச் சொல்லும், சரிபார்க்க வேண்டும்.