‘ஆம்’ ஒரே பதிவா, மூன்றா?

வணக்கம். சொற்பட்டியலில் தமிழ் ‘ஆம்’, இந்தி ‘ஆம்’ இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்ததால் பொருள் குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிரித்துவிடுங்கள். நம் ‘ஆம்’, ‘ஆகும்’ குறுகி வந்தது. இந்தியில் மாம்பழத்தைச் சொல்லும் ‘ஆம்’ வடமொழி ‘ஆம்ர’ தேய்ந்து வந்தது. அதோடு முடியவில்லை: ‘பொதுவான’ என்ற பொருளில் இந்தியில் இன்னொரு ‘ஆம்’ உண்டு, அது அரபுச் சொல். ஆக, இந்திக்கே இரண்டு பதிவு வேண்டும். எழுத்தை மட்டும் வைத்துச் சேர்க்காதீர்கள். மொழியையும் மூலத்தையும் கூடவே குறியுங்கள்.

அப்புறம், பொருள் வேறு என்பதாலேயே உறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. இரண்டுக்கும் வேர் ‘கொடு’ என்பதே. மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு; அதுவும் நம் ‘அவசரமும்’ ஒரே வடசொல். இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு போடுங்கள்.