புறாத்தீவுக்குப் போறவை கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

நான் முல்லைத்தீவுக் கரையில வளந்தவன். திருகோணமலைக்குப் பக்கத்தில இருக்கிற நிலாவெளிப் புறாத்தீவுக்கு வருசா வருசம் சொந்தக்காரப் பெடியளை ஏத்திக்கொண்டு போறதே என்ர வேலையாப் போச்சு, அதால ஸ்நோர்க்லிங் (கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு மிதந்துகொண்டு கடலுக்கடியைப் பாக்கிறது) பற்றி ஆளாளுக்குப் போன் எடுக்காமல் எல்லாரும் இதில கேளுங்கோ.

புதுக்குடியிருப்புத் தம்பி: அண்ணை, எங்கட முல்லைத்தீவுக் கடலிலயே மாஸ்க்கைப் போட்டுப் பாக்கேலாதோ? நிலாவெளி மட்டும் ஏன் ஓடுவான்?

போடலாம் தம்பி, கலங்கின மணலைத்தான் பாப்பீர். எங்கட பக்கம் திறந்த கடல், நாலு எட்டு வைக்க இடுப்பளவு, அஞ்சாவதில கால் முட்டாது. வட்டுவாகல், நாயாறு பக்கம் களப்புத் தண்ணி முகத்துவாரம் வெட்டிக் கடலுக்கு ஓடேக்க காலும் நனைக்காதையும். இழுவைக்குள்ள (ஆளைக் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம்) ஆப்பிட்டால் கரையைப் பாத்து நேர நீந்தி மல்லுக்கட்டித்தான் சனம் களைச்சுத் தாழுறது, கரை நீளத்துக்குப் பக்கவாட்டில நீந்தி இழுவை விட்ட பிறகு திரும்பவேணும். புறாத்தீவு நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். அங்க முருகைக்கல் (பவளப்பாறை) அலையை உடைச்சுவிடும், கரையோட தண்ணி அடங்கிக் கிடக்கும்.

கிளிநொச்சி டீச்சர்: டிசம்பர் லீவில போகலாமோ?

வேண்டாம் டீச்சர், அது வாடை (வடகீழ்ப் பருவக்காத்து), கடல் கொந்தளிப்பு. மே தொடங்கி செப்டம்பர் மட்டும், சோளகம் (தென்மேல் காத்து) வீசுற காலத்தில கிழக்குக் கரை அடங்கியிருக்கும். வெள்ளெனப் போங்கோ, வெயில் ஏற சனமும் ஏறும், தண்ணியும் கலங்கும்.

வவுனியாத் தங்கச்சி: எனக்கு நீச்சல் தெரியாது, அங்க சுறா வேற நிக்குதாம், உண்மையோ?

நிக்குதுதான் பிள்ளை, செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா, ஆளைக் கண்டால் அதுதான் முதல் ஓடும். போன முறை முழங்காலளவு தண்ணியில என்ர மருமேன் கத்தின கத்தில அது போன திசை தெரியேல்லை. நீச்சல் தெரியாட்டி லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் கரையோட நிண்டபடியே முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வைச்சு வாயால மூச்சு விட்டுப் பழகும், அது பத்து நிமிசத்தில வரும், அது வராமல் ஆழத்துக்குப் போகக்கூடாது. மாஸ்க் கண்ணாடிக்கு உள்பக்கம் துப்பித் தடவிக் கழுவினால் ஆவி படிஞ்சு மங்காது (அருவருக்காதையும், எல்லாரும் செய்யிறதுதான்). தலைமயிர் ஒண்டு ரப்பருக்குள்ள ஆப்பிட்டாலும் தண்ணி ஒழுகும், மீசைக்காரருக்கும் அதே கரைச்சல். குழாய்க்குள்ள தண்ணி பூந்தால் பயப்படாமல் பலமா ஒருக்கா ஊதிவிடும்.

லண்டன் மாமி: டிக்கெட் எப்பிடி தம்பி?

அது நஷனல் பார்க் மாமி, 2003இல அறிவிச்சது, டிக்கெட் வனசீவராசித் திணைக்களத்தின்ர, போட் காசு வேற. வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டால் டிக்கெட் கூட, நீங்கள் எவ்வளவு தமிழ் கதைச்சாலும் குறைக்கமாட்டினம். ஒருக்கா ஒரு போட்காரர் ஏறேக்க ஒரு விலை, இறங்கேக்க ஒரு விலை சொல்லி என்னோட சண்டை, ஆனபடியால் மாஸ்க் வாடகை, திரும்புற நேரம் எல்லாம் கரையிலயே பேசி முடியுங்கோ.

மாங்குளத்து மச்சான்: ஒரு முருகைக்கல் எடுத்து வரட்டோ, ஷோகேசுக்கு?

மச்சான், பிடிச்சால் கேஸ். கல்லு எண்டு நீ நினைக்கிறது உயிர், உருண்டைக் கல்லு ஒண்டு வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளந்தால் பெரிய காரியம், அதில ஏறி நிண்டு செல்பி எடுக்கிறவையைக் கண்டால் எனக்கு விசர் வரும். சன்கிரீமும் அப்பாதை, சிலதில இருக்கிற மருந்து அதுக்குக் கூடாது, முழுக்கை ரீசேட் காணும்.

தம்பி திரும்ப: பாதை, சாப்பாடு?

முல்லைத்தீவால வந்தால் கொக்குத்தொடுவாய், புல்மோட்டை, குச்சவெளி. வவுனியாவால எண்டால் ஹொரவப்பொத்தானை, திருகோணமலை. தீவில கடை கிடையாது, பிளாஸ்டிக்கும் கொண்டுபோக விடாயினம், அதால புட்டும் மீன்பொரியலும் வாழையிலையில கட்டி வாகனத்திலயே விட்டிட்டு வந்து சாப்பிடும். எனக்கும் ஒரு பொதி.