கொதிக்கும் பாறையில் ஒட்டிக்கிடக்கும் குட்டிக் கடல்நத்தைகள் வெயிலில் எப்படிச் சாகாமல் இருக்கின்றன?

ஹாங்காங், சிங்கப்பூர், புருணை கரைகளில் அலை எளிதில் எட்டாத உயரத்தில், விரல் நகத்தைவிடச் சிறியதாய், ஓடெல்லாம் புடைப்புகளோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் எக்கினோலிட்டோரினா மலக்கானா என்ற நத்தை. ஹாங்காங்கின் கோடை நண்பகலில் அந்தப் பாறை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும்.

வெயில் ஏறும்போது நத்தை ஓட்டின் விளிம்பில் சளியைச் சுரக்கிறது. அது காய்ந்து பசைபோல் பாறையைப் பிடித்துக்கொள்ளும். உடனே காலை உள்ளே இழுத்து மூடியால் ஓட்டின் வாயை அடைத்துவிடும். ஈரமும் தங்கும், பாறையின் சூடு காலின் வழியே உடலுக்கு ஏறுவதும் குறையும். சில நத்தைகள் விளிம்பின் ஒரு புள்ளி மட்டும் பாறையில் படும்படி நிமிர்ந்து நிற்கும். இன்னும் சில ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரம் கட்டும். மேலே இருப்பவற்றுக்குச் சூடு குறைவு.

ஆனால் என்னை மிகவும் வியக்க வைப்பது உள்ளே நடப்பதுதான். குளிர் ரத்த உயிரிகளில் சூடு ஏற ஏற வளர்சிதை மாற்றமும் வேகமெடுக்கும். இந்த நத்தையோ சுமார் 35 டிகிரிக்கு மேல் அதை அடக்கிக்கொள்கிறது. காய்ந்த பாறையில் மேய முடியாது என்பதால், சேமித்த ஆற்றலை வீணாக எரித்தால் பட்டினிதான். சூடு மிகும்போது உடலின் புரதங்கள் சிதையாமல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் காக்கின்றன.

அலைச்சாரலோ மழையோ பட்டதும் காலை நீட்டி, நுண்பாசிகளைச் சுரண்டித் தின்னக் கிளம்பிவிடும்.